கலங்கிப்போன பச்சை மருந்து

அன்பு மகனே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பா பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பாய். இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. கல்யாண வேலை பாதி முடிந்துவிட்டது, மீதிப் பாதியை அம்மா தினமும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறாள். நான் வழக்கமாக உனக்கு எழுதுவது அரைப் பக்கம். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை, அதற்கு மேல் ஓடாது. இந்தக் கடிதம் அப்படி இருக்காது, ஆகவே உட்கார்ந்து படி. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்கிறான் என்று நினைப்பாய். புத்தியும் கொஞ்சம் இருக்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நான் செய்த ஒரு தப்பைச் சொல்வதற்காக.

உனக்குப் பெண் பேசி முடித்த அன்று உன் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். தாய்மாமன் மாலையை அவள் தம்பி வேலுதான் போட வேண்டும் என்றாள். நான் முடியாது என்றேன். எட்டு வருஷமாக அவன் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, மிதிக்க நான் விடவில்லை. நல்ல வேலை கிடைத்து மாமா கொஸ்லந்தைக்குப் போய்விட்டார் என்று உனக்குச் சொல்லியிருந்தோம். நீ அப்போது பதுளையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் நம்பிவிட்டாய். அது பொய். அவனைத் திருடன் என்று சொல்லி இந்தத் தோட்டத்தை விட்டுத் துரத்தியவன் நான்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்துக் காம்பராவை நான் ஏற்ற புதிதில், கீழ் லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி முதுகுக்குப் பூசக் கொடுத்த தைலத்தை இருமல் மருந்து என்று குடித்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதி ஒட்டினால் வாசிக்க யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். குடிக்கிற மருந்து சிவப்பு, பூசுகிற மருந்து பச்சை. நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிற நாலைந்து தோட்டங்களிலும் பிறகு இதையே பின்பற்றினார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை நீயும் வீட்டில் வேண்டிய மட்டும் கேட்டிருப்பாய்.

பிறகு ஜெர்மனியோடு பெரிய சண்டை வந்தது. பச்சைச் சாயத்தூள் ஜெர்மன்காரன் செய்தது, கப்பல் நின்றதும் அதுவும் நின்றுபோயிற்று. சிவப்பை எப்படியோ சமாளித்தேன், பச்சைக்கு வழியில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தேயிலைக்கு நிழலாக நிற்கிற முள்முருங்கையின் இலையைப் பறித்து, காயவைத்து, கசக்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன். மறுநாள் வடிகட்டினால் கண்ணைப் பறிக்கிற பச்சை. துரை அதைப் பார்த்து மெச்சினார். நான் தரையில் நடக்கவில்லை.

வேலு அப்போது என்னோடு மருந்துக் காம்பராவில் வேலை செய்தான். இருபத்துநாலு வயது. கல்யாணம் ஆகி அவன் பெண்சாதி ஆறு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. போத்தல் கழுவுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பதுளைக்கு நடந்து போய் ஸ்பிரிட் டின்னைத் தோளில் சுமந்து வருவது எல்லாம் அவன்தான். நான் கீழ்ப் பிரிவுக்குப் போகிற நாட்களில் அலுமாரிச் சாவி அவன் இடுப்பில் இருக்கும். கை சுத்தமான பையன் என்று நானே துரையிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். காய்ச்சல், மூட்டுவலி என்று ஆட்கள் வரிசையில் நின்றார்கள், பூச்சு மருந்து தீர்ந்துபோயிற்று. இலையைக் காயவைக்க வெயில் இல்லை, பொறுமையும் இல்லை. நானே குடையைக்கூட எடுக்காமல் போய் இலையைப் பறித்து வந்தேன். நிறம் தூக்கலாக இருக்கட்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இலையை ஜாடியில் அமுக்கினேன். டின்னில் மிச்சமிருந்த ஸ்பிரிட் முழுவதையும் அதில் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் பச்சை இல்லை. குளத்தில் பாசி கலங்கினாற்போல மங்கலாக ஒன்று நின்றது. அடியில் சேறு மாதிரி படிந்திருந்தது. ஒரு கரண்டி எடுத்துக் கொளுத்தினேன். நீலமாக எரிய வேண்டியது திக்கித் திக்கி எரிந்து அணைந்தது, கரண்டியில் பாதிக்குத் தண்ணீர் நின்றது.

உனக்கு இப்போதே விடை தெரிந்திருக்கும். எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. ஸ்பிரிட்டில் தண்ணீர் இருக்கிறது, சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது, நான் ஊற்றவில்லை, ஆகவே அவன் குடித்துவிட்டு அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறான். இவ்வளவுதான் என் கணக்கு. டின்னில் ஒரு சொட்டு மிச்சமிருந்திருந்தால் அதைக் கொளுத்திப் பார்த்திருக்கலாம், இல்லை. இல்லாததைப் பார்க்க முடியாதபோது தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்ற சொல் அந்தக் காலத்தில் என் வாயில் வராது. என் பைக் கடிகாரம் கெட்டுப்போனது தெரியாமல், பாக்டரி மணிதான் தப்பாக அடிக்கிறது என்று மூன்று வாரம் மருந்துக் காம்பராவை அரை மணி நேரம் முன்னதாகத் திறந்துவைத்துக்கொண்டு, ஆட்கள் சோம்பேறிகள் என்று திட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் அம்மாவும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அது சிரிப்போடு போயிற்று.

இது அப்படிப் போகவில்லை. வேலுவிடம் தனியாகக் கேட்டேன். "நான் கலக்கல மச்சான். வயித்துல இருக்க பிள்ள மேல சத்தியம்" என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் விடியற்காலையில் தப்பு மேளம் அடித்து ஆட்கள் எல்லாரும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கூடி நின்றபோது, அந்தக் களத்தில் வைத்தே துரையிடம் சொன்னேன். இரண்டு வார்த்தை தனியாகச் சொல்லியிருக்கலாம். என் மச்சினன் என்பதால் மூடி மறைத்தேன் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் பெயர் நிமிர்ந்து நிற்பதற்காக அவன் பெயரைக் கீழே போட்டேன். துரை அங்கேயே வேலைக் கணக்கிலிருந்து அவன் பேரை வெட்டினார். அன்று மத்தியானமே அவனும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் சட்டி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் வேலையாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன். அங்கே அப்போது ஒரு நோயாளியும் இல்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கொழும்பில் உங்கள் வாத்தியார் இலையின் பச்சையை ஸ்பிரிட்டில் எடுத்து வெயிலில் காட்டினார் என்று எழுதியிருந்தாய். கண்ணாடிக்கு ஊடே பார்த்தால் பச்சை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் ரத்தச் சிவப்பாக ஒளி விடுகிறது என்றாய். அதில் தண்ணீரைச் சேர்க்கச் சேர்க்கச் சிவப்பு ஒளி அவிந்து, பச்சை கலங்கிப்போகிறது என்றாய். அந்த நிறத் துகள்களுக்குத் தண்ணீர் ஆகாது, ஸ்பிரிட்டில் தனித்தனியாக நிற்பவை தண்ணீரைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கடுக்காகச் சேர்ந்துகொள்கின்றன, யாரும் சேர்த்துவைப்பதில்லை, தாமாகவே சேர்கின்றன என்று வாத்தியார் சொன்னதையும் எழுதியிருந்தாய். மறுபடி ஸ்பிரிட்டை நிறைய ஊற்றினால் பிரிந்து பழையபடி ஒளி விடுகின்றன என்று முடித்திருந்தாய். நீ இதை வேடிக்கையாகத்தான் எழுதினாய். அடுத்த வரியிலேயே கல்யாணத்துக்கு என்ன சட்டை தைப்பது என்று கேட்டிருந்தாய்.

நான் அந்தப் பக்கத்தை நாலைந்து தடவை படித்தேன். பிறகு காய்ந்த முள்முருங்கை இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, வாசலில் உச்சிவெயிலில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன சிவப்பு இருந்தது. எத்தனை ஜாடி செய்தேன், ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. மருந்துக் காம்பராவில் ஒற்றை ஜன்னல், நானோ வேலை முடிந்தால் போதும் என்று மூடிவைக்கிற ஆள். தண்ணீரை விட்டேன். சிவப்பு போயிற்று, கலங்கிற்று. எனக்கு நன்றாகத் தெரிந்த கலங்கல் அது. மழைக்கு ஒதுங்கின ஆட்கள் ஒரே தாழ்வாரத்தில் முண்டியடித்து நிற்பார்களே, அந்தத் துகள்கள் அப்படித்தான் நின்றிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பிரிட்டை ஊற்றினேன், தெளிந்தது. அதுவரை நான் கெட்டுப்போனது என்றே நினைத்திருந்தேன். ஒன்றும் கெடவில்லை, தண்ணீர் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் அன்றைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மறுநாள் காலையில் லேசாகத் தூறியது. போய்ப் பச்சை இலையை அப்படியே பறித்து, இரண்டு மடங்காக அமுக்கி, நானே கடையிலிருந்து சீல் உடைக்காமல் வாங்கிவந்த ஸ்பிரிட்டை ஊற்றிவைத்தேன். சாவியை என் மடியை விட்டு எடுக்கவில்லை. அடுத்த நாள் ஜாடியில் அதே பாசி, அடியில் அதே சேறு. கரண்டியில் எடுத்துக் கொளுத்தினேன், அதே தண்ணீர். ஈர இலையும், இலைக்குள் இருந்த சாறும்தான் ஸ்பிரிட்டைத் தண்ணீராக்கியிருக்கின்றன. பறித்தவன் நான், அமுக்கியவன் நான்.  வெட்கமாக இருந்தது. இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கொஸ்லந்தைக்குக் கிளம்பினேன். பண்டாரவளை வரை வண்டி, அங்கிருந்து பூனாகலை வழியாக நடை. பையில் இரண்டு சிறு போத்தல்கள், ஒன்றில் தெளிந்த பச்சை, இன்னொன்றில் ஸ்பிரிட். வேலுவுக்குச் செய்துகாட்டிப் புரியவைக்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். இந்த வயதிலும் எனக்குப் பாடம் நடத்துகிற ஆசை விடவில்லை. வேறு தோட்டத்தில் அவனை லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை, முதல் இரண்டு வருஷம் பாதை வெட்டப் போயிருக்கிறான். இப்போது ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை. லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கோடரியைச் சாய்த்துவைத்துவிட்டு, வாங்க மச்சான் என்றான். அக்காவுக்கு ஏதாவதா என்று உடனே கேட்டான். இல்லை, நன்றாக இருக்கிறாள் என்ற பிறகுதான் உட்கார்ந்தான். அவன் பெண்சாதி தேத்தண்ணீர் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று வயிற்றில் இருந்தது பெண் குழந்தை, ஏழு வயது, உன் அம்மாவின் சாயல்.

நான் போத்தல்களை எடுத்தேன். வெயிலில் பிடித்துச் சிவப்பைக் காட்டினேன். தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினேன், கலங்கிற்று. ஈர இலை, துகள், தாமாகச் சேர்வது, எல்லாம் சொன்னேன். ஸ்பிரிட்டை ஊற்றித் தெளியவும் வைத்தேன். அவன் குறுக்கே பேசாமல் கடைசிவரை பார்த்தான். பிறகு போத்தலை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தான்.

"இந்தப் போத்தல் சொன்னாத்தான் நம்புவீங்களா மச்சான்? நான் அன்னைக்கே சொன்னேனே" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே கேட்கிற மாதிரி கேட்டான்.  நான் செய்தது தப்பு வேலு, என்னை மன்னித்துக்கொள் என்றேன். அந்த வார்த்தைகளை அவ்வளவு தூரம் கோத்துவந்த பேச்சில் நான் சேர்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மகன் கல்யாணத்துக்கு நீதான் வந்து தாய்மாமன் மாலை போட வேண்டும் என்றேன். வருவதற்கு அவன் ஒன்று கேட்டான். அவனைத் திருடன் என்று எங்கே சொன்னேனோ, அந்தப் பெரட்டுக் களத்திலேயே இல்லை என்று சொல்ல வேண்டும். நீ வந்து பக்கத்தில் நில், சொல்கிறேன் என்றேன். வர மாட்டேன் என்றான்.

"நீங்க சொல்லிட்டீங்கன்னு அக்கா ஆள் விட்டுச்சுன்னா போதும். அக்கா சொன்னா நான் நம்புவேன்" என்றான்.

திரும்பி வந்து இரண்டு நாள் ஒத்திப்போட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில், என்னிடம் மருந்து வாங்கிக் குடிக்கிற இருநூறு பேருக்கு முன்னால் நின்று நான் முட்டாள் என்று சொல்ல வேண்டும். டாக்டரையா தெரியாமல் செய்கிறார் என்று நாளைக்கு எவனாவது மருந்து வாங்க மறுத்தால் என்ன செய்வது என்றுகூட ஒரு சாக்குக் கண்டுபிடித்தேன்.  மூன்றாம் நாள் உன் அம்மா தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் கிளம்பினேன். இப்போதிருக்கிற துரை புதியவர், அவருக்கு இந்தக் கதை தெரியாது. ஒரு நிமிஷம் கேட்டேன், தலையாட்டினார். பெரிய கங்காணி ஆட்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இடத்தில் வேலுவைத் திருடன் என்று சொன்னேன், அவன் எதையும் எடுக்கவில்லை, எதிலும் தண்ணீர் கலக்கவில்லை, மழையில் இலையைப் பறித்து நானே அந்த மருந்தைக் கெடுத்துவிட்டு அவன் மேல் பழி போட்டேன் என்று சொன்னேன்.   கூடி நின்றவர்களுக்கு மலையேறுகிற அவசரம். கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கினார், ஆட்கள் கூடையை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்ற உன் அம்மா மட்டும் நான் வருகிறவரை நின்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம் கேட்டேன். வேலு செய்யவில்லை என்று உனக்கு அப்போதே தெரியுமா என்று. தன் தம்பியைத் தனக்குத் தெரியாதா என்றாள். அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். நின்றுவிட்டாள். முழங்காலுக்காக நிற்கிறாளோ என்று நினைத்தேன்.

"சொன்னேன். நீங்க எல பறிச்சிட்டு வந்தப்ப சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. எலையும் அப்படித்தான் இருந்துச்சு. அந்தத் தண்ணிதாங்க ஜாடியில எறங்கியிருக்கும்னு சொன்னேன். மருந்து விஷயத்துல நீ வாய வைக்காதன்னு சொல்லிட்டீங்க."

யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. கொழும்பிலிருந்து உன் வாத்தியார் வந்து சொல்ல வேண்டியிருந்ததை அவள் அன்றைக்கே அடுப்படியில் நின்று சொல்லியிருக்கிறாள், அது என் காதில் ஏறவே இல்லை. வேலுவுக்குச் செய்ததையாவது நான் ஒரு மாதிரி நேராக்கிவிட்டேன். இதை எப்படி நேராக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா எட்டு வருஷமாக எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டு, அந்த வார்த்தையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். 

நீ படித்து முடித்து வந்து ஒரு மருந்துக் காம்பராவுக்குத் தலைவனாக உட்காரப்போகிறாய். உன் கையிலும் சாவி இருக்கும், உனக்குக் கீழேயும் ஆள் இருப்பான், வீட்டில் பெண்சாதி இருப்பாள். கொளுத்திப் பார், வெயிலில் பிடித்துப் பார், வாத்தியார் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் செய். அதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேள். எனக்குத் தெரியாது என்று சொல்ல இப்போதே பழகிக்கொள், வயதான பிறகு நாக்கு வளையாது. உன் பெண்சாதி ஒன்றைச் சொன்னால், அது உனக்குத் தெரிந்த விஷயமாகவே இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

சட்டை உனக்குப் பிடித்த மாதிரி தைத்துக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் பெரட்டுக் களத்தில் சொன்ன அன்று காலையிலேயே உன் அம்மா கொஸ்லந்தைக்கு ஆள் அனுப்பிவிட்டாள். நேற்றுப் பதில் வந்தது. பெண்சாதியோடும் பிள்ளையோடும் நாலு நாள் முன்னதாகவே வருகிறானாம். மாலை போட அவன் உன் முன்னால் வந்து நிற்கும்போது நன்றாகக் குனிந்துகொள், மகனே. அவன் குள்ளம். நீ என்னைப் போல வளர்ந்துவிட்டாய்.

உன் அப்பா